இல்லை என்று சொன்ன தாள்

அது அர்த்தனாரியின் பிடரிதான். வேறு யாருடையதும் இல்லை. வலது காதுக்குக் கீழே அரை விரல் நீளத் தழும்பு. மத்தியப் பிரதேசத்தில் ஒரு காட்டில் ரிக் வண்டியில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தபோது காற்று ஹோஸ் பிடுங்கிக்கொண்டு அடித்தது. அன்றைக்குத் துண்டை வைத்து அமுக்கிப் பிடித்து, முப்பது மைல் ஜீப்பில் கொண்டுபோய்த் தையல் போடவைத்தது நாச்சிமுத்துதான். அந்தத் தழும்பு இப்போது மாத்திரை கொடுக்கும் ஜன்னலின் முன்னால், வரிசையில் ஐந்தாவதாக நிற்கிறது. நாச்சிமுத்து இருமலை அடக்கினார். அடங்கவில்லை. நெஞ்சுக்குள் மண்வெட்டியால் வழிப்பது மாதிரி நாலு தடவை இழுத்துவிட்டுத்தான் விட்டது. மூக்குக்கும் வாய்க்கும் கட்டியிருந்த பச்சை முகமூடி நனைந்துபோயிற்று. அர்த்தனாரி திரும்பவில்லை. இந்த இடத்தில் யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை, அது இங்கே எழுதாத சட்டம். பேர் சொல்லியும் கூப்பிட மாட்டார்கள். நம்பர்தான். பெரிய ஆஸ்பத்திரியில் கண் பிரிவுக்குப் பின்னால், போர்டில் சின்ன எழுத்தாக ஏ.ஆர்.டி. மையம் என்று போட்டு, இரும்புப் பெஞ்சு எட்டு, ஃபேன் மூன்று, அதில் ஒன்று ஓடாது. ஒன்பது வருசமாக ஓடாது. நடுவில் ஒன்றரை வருசம் இவர் வரவில்லை. வராத காலத்தில் சரி பண்ணியிருப்பார்களோ என்று உள்ளே வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். பண்ணவில்லை. இப்போது பதினேழாம் நம்பர் உள்ளே. இவருடையது முப்பத்தொன்று. பக்கத்தில் சம்சாரம் பாவாயி. சட்டைப் பையில் சளிப் பிரிவில் கொடுத்த சீட்டு. சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறது, அப்புறம் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு என்று சொல்லும் அந்த எண், தொண்ணூற்று நாலு. ஒரு காலத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு இருந்தது. அறுநூறு இருந்தால் ஊருக்குள் நடக்கலாம், தொண்ணூறு இருந்தால் படியேற மூச்சு வாங்கும். அதை எண் சொல்ல வேண்டியதில்லை, முழங்கால் சொல்லும். ஆனால் அர்த்தனாரி எதற்கு இங்கே நிற்கிறான்? இவனுக்குத்தான் குணமாகிவிட்டதே.

குணமாச்சு மாப்ள. அதே வார்த்தை. திருச்செங்கோட்டில் வெல்டிங் பட்டறைக்கு எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னான். டம்ளரை வைத்துவிட்டு, கையை விரித்துக் காட்டி, என்னமோ கையிலிருந்த அழுக்கைக் கழுவிவிட்ட மாதிரி. எனக்கு சுத்தமாப் போயிருச்சு மாப்ள, உனக்கும் போயிரும், வா. வெளியூர் வைத்தியர். மாசத்தில் ரெண்டாவது சனி, நாலாவது சனி பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் ரூம் போட்டு உட்காருவார். கதவுக்கு வெளியே செருப்பு குவிந்து கிடக்கும். சர்க்கரைக்காரன், மூலக்காரன், பிள்ளையில்லாதவன், எல்லாரும் ஒரே வராந்தாவில். அங்கே மட்டும் நாச்சிமுத்துவுக்குக் கூச்சமில்லை. யாரும் எதுக்கு வந்தே என்று கேட்கவில்லை. வைத்தியர் கட்டிலில் சம்மணம் போட்டிருந்தார், நெற்றி நிறைய விபூதி, சுத்தமான வேட்டி. நாடி பிடித்தார். கண்ணை மூடினார். உனக்கு எய்ட்ஸ் இல்லையப்பா என்றார். உனக்கு இருக்கறது எச்.ஐ.வி., அது வேற, எய்ட்ஸ் வேற. இங்கிலீஷ்காரன் ரெண்டையும் ஒண்ணாக் கட்டி ஜனங்களைப் பயமுறுத்தறான். எய்ட்ஸுன்னா மரம் பட்டது. எச்.ஐ.வி.ன்னா இலையில பூச்சி. பூச்சியைத் தட்டி விட்டா மரத்துக்கு என்ன? அதில் பாதி நிசம். அதுதான் வயிறெரிகிறது. பாதி நிசம். இதே கட்டடத்தில் ஒன்பது வருசத்துக்கு முன்னால் அந்த ஆலோசகர்ப் பெண் செல்வரத்தினமும் அதைத்தானே சொன்னாள்: எச்.ஐ.வி. என்பது கிருமிங்க, எய்ட்ஸ் என்பது அந்தக் கிருமி நம்ம எதிர்ப்புச் சக்தியைத் தின்னு முடிச்ச நிலைமைங்க, கிருமி இருக்கிற எல்லாருக்கும் எய்ட்ஸ் இல்லைங்க, மாத்திரையை விடாமச் சாப்பிட்டா அந்த நிலைமைக்கே போகாம வயசாகிச் சாகலாமுங்க. ரெண்டு பேரும் ஒரே இடத்தில் ஆரம்பித்தார்கள். அவள் மாத்திரைப் பக்கம் திருப்பினாள். அவன் கறுப்பு லேகியத்துப் பக்கம் திருப்பினான். முழுப் பொய்யாக இருந்தால் நாச்சிமுத்து எழுந்து வந்திருப்பார். முழுப் பொய்யை மோப்பம் பிடிக்கத் தெரியும் அவருக்கு. ரிக் வண்டி ஏஜெண்டுகளோடு முப்பது வருசம் பேசியவர். பாதி நிசத்தைத்தான் பிடிக்கத் தெரியவில்லை.

முதல் மண்டலம் மாத்திரை, லேகியம் ரெண்டும் சாப்பிடு என்றார் வைத்தியர். புளி ஆகாது, கோழி ஆகாது, பாகற்காய் ஆகாது. நாற்பத்தெட்டு நாள் புளியில்லாத குழம்பு. பாவாயி வாயைத் திறக்காமல் வைத்துக் கொடுத்தாள். அந்தச் சமயத்தில்தான் வருசத்துக்கொரு முறை எடுக்கும் வைரஸ் கணக்கு வந்தது. தாளை முதல் தடவையாகக் கையில் வாங்கிப் படித்தார். கண்டறியப்படவில்லை. படித்துவிட்டு அந்த இடத்திலேயே, அந்த ஓடாத ஃபேனுக்கு அடியிலேயே, கண் கலங்கினார். அதை மடித்து எடுத்துக்கொண்டு லாட்ஜுக்குப் போனார். வைத்தியர் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்து, பாத்தியா, நாப்பத்தெட்டே நாள், இங்கிலீஷ்காரன் வாயாலயே இல்லைன்னு சொல்ல வச்சிட்டேன் என்றார். இனி அந்த வெள்ளை மாத்திரை வேண்டாம். ரெண்டு சூடு சேந்தா ஈரல் வெந்துரும். வெளியே வராந்தாவில் அர்த்தனாரி முதுகில் தட்டினான். நாஞ் சொல்லல? சொன்னான். எல்லாம் சொன்னான். ஒன்றை மட்டும் யாரும் சொல்லவில்லை. அதற்கு முந்தின வருசத் தாளிலும் அதேதான் எழுதியிருந்தது. அதற்கும் முந்தின வருசமும். எடுத்த வருசமெல்லாம் அதே வார்த்தை. அந்தத் தாள்கள் எல்லாம் பச்சை அட்டைப் புத்தகத்துக்குள் செருகியிருந்தன. செல்வரத்தினம் ஒவ்வொரு தடவையும் நல்லா இருக்குதுங்கய்யா என்பாள், இவர் சரியென்று மாத்திரை வாங்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கப் போவார். என்ன நல்லா இருக்கிறது என்று கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது? லேகியத்துக்கு முன்னாலேயே இல்லை என்று இருந்ததை, லேகியத்தால் இல்லை என்று ஆனதாக நினைத்து, சே. அதுகூடப் போகட்டும். இல்லை என்ற வார்த்தைக்கு அவரைப்போல அர்த்தம் தெரிந்தவன் யார்? எத்தனை காட்டில், எத்தனை விவசாயி தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பான், எழுநூறு அடி போயாச்சு, புழுதிதான் வருகிறது. தண்ணி இல்லீங்களா என்பான். இல்லைன்னு இல்லீங்க, நம்ம ராடு போற வரைக்கும் இல்லை. இதே வாயால் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். கீழே பாறையிடுக்கில் அது பாட்டுக்கு இருக்கும். நமக்கு எட்டாத ஆழத்தில் இருந்தால் இல்லை என்று எழுதிக்கொள்ள வேண்டியதுதான். பூமிக்குத் தெரிந்த நியாயம் தன் உடம்புக்குத் தெரியவில்லை. ஊரான் தோட்டத்துக் குழிக்கு இருந்த புத்தி தன் ரத்தத்துக்கு இல்லை. பத்தொன்பது என்று கூப்பிட்டார்கள். ஒரு சேலை எழுந்து போயிற்று.

ஏனுங், தண்ணி குடிக்கறீங்களா, என்றாள் பாவாயி. வேண்டாம். வாய் காஞ்சு கெடக்குது. வேண்டாங்கறேன்ல. அவள் பாட்டிலை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். வராதே என்றுதான் சொன்னார். காலையில் செருப்பைப் போட்டுக்கொண்டு முன்னால் நின்றாள். எப்போதும் இப்படித்தான். கேட்கமாட்டாள், சொல்லமாட்டாள், நிற்பாள். ஒன்பது வருசத்துக்கு முன்னால் கர்ப்பப்பை ஆபரேசனுக்கு ரத்தம் எடுத்தபோது அவளுக்குத்தான் முதலில் இருப்பது தெரிந்தது. அந்த டாக்டரம்மா இவரைத் தனியாகக் கூப்பிட்டு, நீங்களும் பாத்துக்கோங்க என்றாள். ரெண்டு நாள். ரெண்டு நாள் இவர் பாவாயியை முறைத்துக்கொண்டு திரிந்தார். எங்கிருந்து வந்தது என்று தனக்குத் தெரியும், எந்த ஊர், எந்தத் தகரக் கொட்டகை, அர்த்தனாரி வெளியில் பீடி குடித்துக்கொண்டு நின்றது உட்பட எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே ரெண்டு நாள் அவள் வைத்த சோற்றைத் தள்ளினார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் இவருக்கும் இருக்கிறது என்று ஆனபின்னாலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடித்திருப்பார். அடித்திருந்தால் அழுதிருக்கலாம். ஒன்றும் நடக்காமல் இட்லி வெந்தது, மாடு கறந்தது. அப்புறம் ராத்திரிச் சோறானதும் ஆளுக்கொரு மாத்திரை, ஒரே சொம்புத் தண்ணி. ஏழரை வருசம் அந்த ஒரு சொம்புதான் அவர்களுக்குள் பேச்சு. அதையும் இவர்தான் உடைத்தார். வைத்தியர் சொன்ன அன்றைக்கே வந்து ரெண்டு டப்பாவையும் எடுத்து, இவருடையது, அவளுடையது, கக்கூஸில் கவிழ்த்துத் தண்ணியை ஊற்றினார். உனக்கும் வேண்டாம், அந்த லேகியத்துல பாதி தின்னு. அவள் கதவோரம் நின்று பார்த்தாள். நெசமாலுமேங்களா என்று ஒரு தடவை கேட்டாள். அப்புறம் நாலு நாள் கழித்துச் சோறு போடும்போது, அந்த ஆஸ்பத்திரிப் புள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு நிறுத்தலாமுங் என்றாள். தட்டு சுவரில் போய் விழுந்தது. அதற்கப்புறம் அந்தப் பேச்சில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று தடவை ஃபோன் வந்தது. ராங் நம்பர் என்று வைத்தார். ஒன்றரை வருசம். இவருக்கு எலும்பு துருத்திவிட்டது. அவளைப் பார்த்தால் அப்படியேதான் இருக்கிறாள். பொம்பளை உடம்பு தாங்கும் என்று நினைத்துக்கொண்டார். லேகியம் அவளுக்கு ஒத்துக்கொண்டதாக்கும் என்றுகூட ஒரு நாள் நினைத்தார்.

அர்த்தனாரி ஜன்னலில் டப்பாக்களை வாங்கினான். மூன்று. மூன்று மாசத்துக்கு. ஒழுங்காக வருகிறவனுக்குத்தான் மூன்று மாசம் சேர்த்துக் கொடுப்பார்கள், நாச்சிமுத்துவுக்குத் தெரியும். பையில் போட்டுக்கொண்டு திரும்பினான். பார்த்துவிட்டான். முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. போய்விடுவான் என்று நினைத்தால் வந்து பெஞ்சில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தான். என்ன மாப்ள இப்படி எளச்சுப் போனே. நாச்சிமுத்து பையைப் பார்த்தார். இதென்ன? அர்த்தனாரி பையைக் காலுக்குப் பின்னால் தள்ளினான். மாத்திரைதான். எப்பருந்து? எப்பருந்துன்னா, விட்டாத்தானே எப்பருந்துன்னு கேக்கோணும். அப்ப நீ நிறுத்தவே இல்ல, என்றார் நாச்சிமுத்து. இல்ல. குணமாச்சுன்னு சொன்னே. குணமாச்சுன்னுதான் சொன்னேன், நிறுத்தினேன்னு சொன்னனா? பக்கத்தில் ஒருவன் செல்ஃபோனை வெறித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டான். அர்த்தனாரி குரலைத் தாழ்த்தினான். நான் ரெண்டையும் தின்னேன் மாப்ள. அவரு நிறுத்துன்னாரு, சரிங்கன்னு சொல்லிட்டு வந்து ரெண்டையும் தின்னேன். பயமா இருந்துச்சு. அப்ப எனக்கும் அந்தப் பயத்தைச் சொல்லியிருக்கலாமில்ல. நீ கேக்கல. எதைக் கேக்கறது? நீதான் கையை விரிச்சியே. அர்த்தனாரி கையைப் பார்த்துக்கொண்டான். நீ வந்து சேந்ததும் எனக்கு ஒரு தெம்பு, நாச்சி. உனக்குப் போச்சுன்னா எனக்கும் போயிருக்கும்னு ஒரு இது. நீ நிறுத்தி நல்லா இருந்தீன்னா நானும் நிறுத்தலாம்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அவ்வளவுதான். சொல்லிவிட்டான். சண்டைக்கு வருகிறவன் மாதிரியும் இல்லை, மன்னிப்புக் கேட்கிறவன் மாதிரியும் இல்லை. டயரில் காற்று எவ்வளவு என்று சொல்கிற மாதிரி சொன்னான். புதுக் கயிற்றைக் கிணற்றில் விடும்போது முதலில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். நாச்சிமுத்து கல். ஓங்கி ஒன்று விடலாம் என்று கை நினைத்தது. கைக்கு அந்தத் தெம்பு இல்லை. இருமல் வந்தது. இருமி முடித்தபோது அர்த்தனாரி எழுந்திருந்தான். உடம்பைப் பாத்துக்க மாப்ள. நேரா நேரத்துக்கு மாத்திரை தின்னு. போய்விட்டான். தின்னு என்கிறான். சொல்ல வேண்டிய வார்த்தை அவனிடம் ஒன்றரை வருசமாக இருந்திருக்கிறது.

இருபத்தாறு. இருபத்தேழு. யாரையும் நம்பாமல் ஒரு மனுசன் இருந்துவிட முடியுமா? ராடு இறக்கும்போது அது நழுவாமல் மேலே கிளாம்ப் போட்டுப் பிடிக்கிறவனை நம்பித்தான் கீழே கை வைக்கிறோம். அவன் ஒரு விநாடி தவறினால் கை இல்லை. இருபத்தேழு வருசம் அர்த்தனாரி மேலே, இவர் கீழே, பத்து விரலும் இருக்கிறது. விரலைக் காப்பாற்றினவன் இவர் உயிரைக் கைவிட்டுவிட்டான். வைத்தியனைத் திட்ட மனசு வரவில்லை, அவன் ஊர் பேர் தெரியாதவன், போன தை மாசத்தோடு லாட்ஜுக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். ஆனால் அர்த்தனாரி தெரிந்தவன். தழும்பு தெரிந்தவன். நினைப்பு இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது வெள்ளைக் கோட்டுப் போட்ட நர்ஸம்மா ஃபைல் கட்டோடு பெஞ்சு வழியாகப் போனவள் நின்றாள். குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், பாவாயிம்மா, உங்களுக்கு இன்னும் இருவது நாள் இருக்குதே, இப்பவே வந்துட்டீங்க? மாத்திரை கீழ கீது கொட்டிப்போச்சா? பாவாயி அசையவில்லை. இல்லைங், இவருக்கோசரம் வந்தேன். நர்ஸம்மா இவரைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், முகமூடியைப் பார்த்தாள். ஓ என்று சொல்லிவிட்டுப் போனாள். நாச்சிமுத்து நேரே பார்த்துக்கொண்டே கேட்டார். எப்பருந்து? காலையிலிருந்து அவர் வாயில் அந்த ஒரு கேள்விதான் இருந்தது. பாவாயி பாட்டில் மூடியைத் திருகினாள். நிறுத்தலைங். நாந்தான் கவுத்தனே. ரெண்டா நாளு வந்து வேற வாங்கீட்டேன், மோட்டார் ரூமுல எலி தள்ளி உட்டுருச்சுன்னு சொல்லி. இங்க வரும்போதெல்லாம் எங்கே போறேன்னு சொன்னே? மலைக்கோயிலுக்கு. மூன்று மாசத்துக்கொருதரம் மலைக்கோயிலுக்குப் போனாள். போய்விட்டு வந்து இவர் நெற்றியில் விபூதி வைத்தாள். விபூதி எங்கே வாங்கினாள், பஸ் ஸ்டாண்டிலா? எனக்கு ஏன் சொல்லலை? சொன்னனுங். தட்டு பறந்துச்சு. அப்புறம் ஏன் சொல்லலை? அப்புறம் சொன்னா அதையும் புடுங்கிக் கவுத்துருப்பீங்க. உண்மை. கவிழ்த்திருப்பார். நான் எளைக்கறதைப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தே. பாட்டிலை மடியில் நிறுத்தி, பாத்தேன் என்றாள். ரெண்டு பேர். ஒரே மாத்திரையை ரெண்டு பேர் ஒளித்துத் தின்றிருக்கிறார்கள். ஒருத்தன் இவரை முன்னால் விட்டுப் பார்ப்பதற்கு. ஒருத்தி இவரிடமிருந்து தப்புவதற்கு. எது பெரிய துரோகம் என்று மனசு தராசைத் தூக்கியது. தூக்கியபோது மூன்றாவதாக ஒன்று தானாக வந்து தட்டில் உட்கார்ந்தது. அந்த டப்பா. அவளுடைய டப்பா. கக்கூஸ் தண்ணியில் வெள்ளை வெள்ளையாகச் சுற்றிய மாத்திரைகள். அதற்கு எதிர்த்தட்டில் வைக்க அவரிடம் ஒன்றுமில்லை. தராசைக் கீழே வைத்தார்.

முப்பத்தொண்ணு. செல்வரத்தினத்துக்கு முன்நெற்றி நரைத்திருந்தது. உக்காருங்கய்யா என்றாள், நேற்றுப் பார்த்த மாதிரி. சீட்டைப் படித்தாள். திரும்பவும் படித்தாள். ஐயா வடக்க ரிக்குக்குப் போயிருக்காரு, அங்கயே மாத்திரை வாங்கிக்கறாருன்னு அம்மா சொன்னாங்களே. பாவாயி தரையைப் பார்த்தாள். அப்படியானால் மூன்று ஃபோனுக்கப்புறம் ஃபோன் நின்றது இதனால்தான். கேட்க வந்ததை நாச்சிமுத்து கேட்டார், வேறு எதையும் கேட்டுவிடுவதற்கு முன்னால். இதுக்குக் குணமே கெடையாதாம்மா? இன்னைக்கு இல்லைங்கய்யா. உலகத்துல விரல் விட்டு எண்ணற ஆளுக்குப் போயிருக்குது, அவங்களுக்கு ரத்தப் புற்றுக்கு எலும்பு மஜ்ஜை மாத்தினாங்க, அது உயிரை வச்சு ஆடற ஆட்டம், எல்லாருக்கும் பண்ண முடியாது. மத்தவங்களுக்கு மாத்திரைதான். மாத்திரை கிருமியைக் கொல்லாது, எந்திரிக்க விடாது, தெனமும் தலையில ஒரு தட்டுத் தட்டி உக்கார வைக்கும். தட்டறதை நிறுத்தினா எந்திரிச்சுக்கும். இப்ப எந்திரிச்சிருச்சு. அப்ப இது எய்ட்ஸா? அவள் பேனாவை மூடினாள். எண்ணு எரநூறுக்குக் கீழ, கூடக் காசநோய். ஆமாங்கய்யா, அந்த நெலமைதான். ஆனா நெலமைதானே. இங்கிருந்து திரும்பி நடந்தவங்க நெறையப் பேரு வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காங்க. முதல்ல காசநோய் மாத்திரை, ரெண்டு வாரம் பாத்து டாக்டர் இதையும் ஆரம்பிப்பாரு. விட்டீங்கன்னா இனி நான் பேசறதுக்கு ஒண்ணுமிருக்காது. புத்தகத்தைத் திறந்தாள். யாருங்கய்யா நிறுத்தச் சொன்னது? பேர் நாக்கு நுனியில் நின்றது. அர்த்தனாரி. சொல்லலாம். சொன்னால் அவன் மூன்று மாச டப்பா ஒரு மாசமாகலாம், கூப்பிட்டு விசாரிப்பார்கள், அவன் அந்தக் கையை இங்கேயும் விரிப்பான். லாட்ஜு வைத்தியன் என்றார். எழுதிக்கொண்டாள். அம்மாவையும் நிறுத்தச் சொன்னீங்களா? பாவாயி தலை நிமிர்ந்தது. அதெல்லாம் இல்லைங் கண்ணு, அவரு, என்று ஆரம்பித்தாள். ஆமா, என்றார் நாச்சிமுத்து. சொன்னேன். அவ டப்பாவையும் நாந்தான் கவுத்தேன். பேனா கொஞ்ச நேரம் ஓடவில்லை. அப்புறம் ஓடியது.

வெளியே வெயில் ஏறியிருந்தது. கண் பிரிவின் நிழலில் பாவாயி முன்னால் நடந்தாள், காசநோய் மாத்திரைப் பையோடு. அவர் மூச்சு வாங்க நின்றார். அவளும் நின்றாள், திரும்பாமல். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே கேட்டார், கோபமில்லாமல்தான் கேட்டார், வேறு என்ன கேட்பதென்று தெரியாமல்: ஊடு பூரா மூணு அறை. ஒண்ணரை வருசம் என் கண்ணுல படாம அந்த டப்பாவை எங்கதான் வச்சிருந்தே? பாவாயி பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். யோசித்தாள். சொல்ல மாட்டேனுங், என்றாள். மறுக்காவும் ஒளிக்கத் தேவைப்பட்டா?